காந்தப் பெட்டியும் என் ஏச்சும்

எலிக்குப் பயம் போகிறதா என்று பார்க்கும் வேலையில் முதலில் பயம் பிடிப்பது பார்க்கிறவருக்குத்தான். விரலில் கடி வாங்கிக்கொண்டே நோட்டில் குறித்த சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டக் காலத்தில், கல்யாணத்துக்கு முன்பு, பாறசாலையில் பஸ் ஏறித் திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் பார்த்த வேலை அது. கான்வென்ட் படிப்பும் நல்ல கையெழுத்தும் போதும் என்றார்கள். எலியைப் பிடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

இருட்டும் வெளிச்சமும்

எலியை விடுகிற பெட்டிக்கு இரண்டு அறை. பயந்த எலி இருட்டறையில் பதுங்கும். பயம் தணிய சர்ப்பகந்தி வேர்ச்சாறு கொடுத்த எலி நிதானமாக வெளிச்ச அறைக்கு வரும். எத்தனை நிமிடம் வெளியே நிற்கிறது என்று நான் எழுத வேண்டும். சும்மா எழுதுகிற ஆளா நான்? அங்கே மனிதர்களிடம் மலையாளம், எலிகளிடம் தமிழ். கூண்டைத் திறந்தது முதல் மூடுவது வரை ஏச்சுதான். கூண்டு கழுவுகிற காஞ்சிரங்குளம் தங்கம்மை சொல்லுவாள்: "உனக்க ஏச்சைக் கேட்ட பொறவு இதுவளுக்கு வேற பயம் என்னத்துக்கு மக்கா?"

ரெண்டு சொட்டு

போராட்டத்துக்குப் போன அண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அன்றோடு பஸ்ஸிலும் கூடத்திலும் என் தமிழ் நின்றது. வாயைத் திறந்தால் 'உன் வீட்டிலும் போராட்டத்துக்குப் போன ஆள் உண்டோ' என்று கேட்பார்கள், உண்டு என்றால் வேலை போகும். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேலையால்தான்.

அடுத்த வீட்டு ரோசம்மாள் அக்காவுக்கோ ஜீப் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். "அந்த மருந்துல ரெண்டு சொட்டு கொண்டு வாட்டி" என்றாள். அது எலிக்குள்ளது அக்கா என்றேன்.

"இப்ப நாம வேற என்னவாக்கும்?"

கம்பிச் சுருள்

அதே வாரம் ஆய்வை நடத்திய சார் பெட்டியைச் சுற்றிக் கம்பிச் சுருள் கட்டி, மின்சாரம் விட்டு, காந்தமாக்கினார். காந்தத்துக்குள் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மருந்து குடித்த எலிகள் இருட்டை விட்டு நகரவில்லை. மூன்று வாரம் இதே கதை. காந்தம் மருந்தை முறிக்கிறது என்று சார் கட்டுரை எழுத உட்கார்ந்தார்.

ஒரு நாள் மின்சாரம் இல்லை. சுருள் வெறும் கம்பியாகக் கிடந்தது. அன்றும் மருந்து குடித்த எலிகள் சரியாக வெளியே வரவில்லை. தங்கம்மை என் முகத்தைப் பார்த்தாள். "காந்தம் இல்லியே. பின்னே இதுவ ஆருக்குப் பயப்படுதுவ?"

சொல்லித் தொலைத்தேன்

எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாமல் இருந்தால் வேலை மிஞ்சும், கட்டுரை பொய்யாகும். ரெண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் சார் முன்னால் போய் நின்றேன். "சார், மாறினது காந்தம் மட்டும் இல்லை. நான் ஏசுவதையும் நிறுத்திவிட்டேன்." ஏன் என்று கேட்டார். அண்ணன் ஜெயிலில் என்றேன்.

சார் பேனாவை மூடினார். கட்டுரையை டிராயருக்குள் தள்ளினார். எலிகளுக்கு உன் குரல் பழகிவிட்டது, நாளை முதல் ஏசு, காந்தம் உள்ள நாளும் இல்லாத நாளும் ஒரேபோல ஏசு என்றார். ஏசினேன். காந்தமில்லாத நாளில் எலிகள் பழையபடி உலாவின. காந்தத்துக்குள் அதில் பாதி நேரம்தான் வந்தன. ஆக, காந்தத்துக்கும் ஏதோ பங்கு இருந்தது, என் மௌனத்துக்கும் இருந்தது. கட்டுரையில் இரண்டையும் எழுதினார்.

அண்ணன் விடுதலையாகி வந்த சேதியைச் சொன்னபோது சார் தலையைக்கூடத் தூக்கவில்லை. "நல்லது. பக்ஷே ஏச்சு நிறுத்தருது. ஒரு வாக்கு கொறஞ்ஞால் பரீக்ஷணம் தெற்றிப்போகும்." ஏச்சை நிறுத்தக் கூடாதாம், ஒரு சொல் குறைந்தாலும் சோதனை தப்பாகிவிடுமாம்.

வாயை மூடாதே என்று சொல்லிச் சம்பளமும் கொடுத்த இடம், கல்யாணம் உட்பட, அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.