யாருக்கும் வேலை போகாது

நிறுவனங்களில் மாற்றம் கொண்டுவருவது என் தொழில். நான் உள்ளே நுழைந்ததும் முதலில் மாறுவது அங்கே இருப்பவர்களின் முகம். உங்கள் ஆபீசிலும் ‘புது சிஸ்டம்’ என்று சொல்லிக்கொண்டு என்னைப் போல ஒருவர் வந்திருப்பார். அவரைத் திட்டி முடித்துவிட்டு இதைப் படியுங்கள். அடையாறில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. நோயாளிகளின் காகித ஃபைல்களை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஒரு சந்தேகம்

முதல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் படம் போட்டுப் பேசினேன். சமோசா தீர்ந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. பேச்சு பிடித்துவிட்டது போல என்று நினைத்தேன். பயம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஃபைல் அறையில் இருபது வருஷமாக இருக்கும் கஸ்தூரி அக்கா எழுந்தார். சைதாப்பேட்டைக்காரர். “கம்ப்யூட்டர் வந்துச்சின்னா எங்களுக்கு இன்னா வேலை சார்?” நான் எச்.ஆர். மேனேஜரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். “யாருக்கும் வேலை போகாது” என்றேன். அக்கா உடனே உட்காரவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாரும் கேட்டுக்கினீங்களா? சார் சொல்லிட்டாரு.”

பெரிய டாக்டர்

ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர் மயிலாப்பூர்க்காரர், எழுபதைத் தாண்டியவர். ‘எல்லாரும் மாறணும்’ என்று சுற்றறிக்கை விட்டதே அவர்தான். பயிற்சி வகுப்புக்கு மட்டும் வரவில்லை. மருந்துச் சீட்டைப் பேனாவால் எழுதி, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு நர்சை நியமித்துக்கொண்டார். அதைப் பார்த்து மற்ற டாக்டர்களும் ஆளுக்கொரு நர்சைக் கேட்டார்கள்.

மூன்று நாள் காத்திருந்து அவரைப் பார்த்தேன். நீங்கள் தொட்டால்தான் மற்றவர்கள் தொடுவார்கள் என்று கெஞ்சினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மாறணும்னு சொல்றது என் வேலை சார். மாறிண்டிருக்கறது அவா வேலை.”

ஆரம்பித்த திங்கட்கிழமை

காலை பத்து மணிக்கு சிஸ்டம் படுத்துவிட்டது. வரிசை படிக்கட்டு வரை நின்றது. மூச்சுத்திணறலோடு ஒரு பெரியவரைத் தூக்கி வந்தார்கள். ஊசி போடப் போன நர்ஸ், எந்த மருந்து அவருக்கு ஒத்துக்காது என்று திரையைப் பார்த்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கஸ்தூரி அக்கா ஓடினார். பூட்டியிருந்த ஃபைல் அறையைத் திறந்து, இரண்டு நிமிஷத்தில் பழைய ஃபைலோடு வந்தார். போடவிருந்த மருந்தின் பெயர்தான் அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. வேறு மருந்து போட்டார்கள், பெரியவர் பிழைத்தார். அவர் மகள் என்னைத் தேடி வந்து கேட்டார்: “அந்த அக்கா இன்னிக்கு லீவா இருந்தா இன்னா பண்ணியிருப்ப நைனா?”

கற்றுக்கொண்டவர்

அதன் பிறகு யாரும் சொல்லாமலேயே கஸ்தூரி அக்கா ஒரு காரியம் செய்தார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு விரலால் தட்டித் தட்டி, சிவப்பு மையில் இருந்த அத்தனை எச்சரிக்கைகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். நான்கு மாதம். சிஸ்டம் உருப்பட்டது அதனால்தான். என் பயிற்சியால் அல்ல.

எல்லாம் ஏறி முடிந்த மாதம் ஃபைல் அறையை மூடினார்கள். அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். எச்.ஆர். மேனேஜரிடம் சண்டைக்குப் போனேன். “அந்தக் கூட்டத்துல வேற என்ன சார் சொல்ல முடியும்?” என்றார். வெளியே வந்தால் வாசலில் அக்கா, கையில் டிபன் பையோடு. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். “கம்ப்யூட்டர் தெரியும்னு ஒரு லெட்டரு குடு சார், வேற எங்கனா கேட்டா காட்டணும்ல.”

மாற்றத்தை எதிர்ப்பவர்களை எப்படிச் சமாளிப்பது என்று எனக்கு நிறையவே சொல்லித் தந்திருக்கிறார்கள். நம்பி மாறியவர்களின் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் யாரும் சொல்லித் தரவில்லை.