கயிற்றில் முடிந்த சிவப்புத் துணி

மகள் வயிற்றுப் பேரன் கடலுக்கடியில் எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தான். முதுகில் காற்று உருளை, மணிக்கட்டில் ஆழம் காட்டும் கருவி. இருபுறமும் பாறைச் சுவர் செங்குத்தாக இறங்க, நடுவே சந்து போன்ற பள்ளத்தாக்கில் மிதந்து போகிறான். ஆமை ஒன்று அவனைச் சட்டை செய்யாமல் கடக்கிறது. வீட்டில் எல்லோரும் வியந்தார்கள். எனக்குப் பாதியிலேயே அலுத்துவிட்டது. அப்படி ஒரு பள்ளத்தாக்கு எனக்கு முன்பே தெரியும்.

மேலூருக்குப் பக்கத்தில் கல் வெட்டிக் கைவிட்ட குவாரி அது. மழைநீர் நிறைந்து கிடந்தது. அம்மாவின் கடைசித் தம்பி, என் சின்ன மாமா, அதில்தான் முங்கிப் பழகினார். கடற்படையில் சேர்ந்து முக்குளிப்பவராக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை. ஆள் எடுப்புக்குச் சில வாரங்களே இருந்தன.

கயிற்று நுனியில் கட்டிய கல்லை அணைத்துக்கொண்டு அவர் இறங்குவார். அம்மாவோடு லீவுக்கு வந்திருந்த நான் நீரோரப் பாறையில் உட்கார்ந்து கயிறு விடுவேன். அவர் காது தாங்கும் ஆழத்துக்குக் கணக்காகக் கயிற்றில் ஒரு சிவப்புத் துணி முடிந்திருக்கும். துணி கைக்கு வந்ததும் நான் நிறுத்த வேண்டும். கயிறு நின்றால் அவர் கல்லை விட்டுவிட்டு மேலே வருவார். காது பழகப் பழகத் துணியைச் சற்றே தள்ளி முடிவார்.

"துணி தண்ணியத் தொடக் கூடாது மாப்ள. ஒன்னய நம்பித்தான் போறேன்."

மேலே வந்ததும் கதை சொல்வார். உளிக்குழிக்கு ஒன்றாக ஜிலேபி மீன்கள் குடியிருக்கின்றனவாம். கெண்டைக் கூட்டம் பள்ளிக்கூடம் விட்டதுபோலச் சந்துக்குள் நெருக்கியடித்து வருகிறதாம். ஒருநாள், கீழ் இடுக்கில் ஒரு விராலின் வால் தெரிந்தது என்றார். எவ்வளவு பெரிது என்று கேட்டேன்.

"ஒன்னய விட ஒசரம். பள்ளிக்கூடத்துல சேத்தா ஒனக்கு மேல் வகுப்புல போடுவாங்க. அடுத்த வாரம் இறங்கி மூஞ்சியப் பாத்துட்டு வாரேன்."

லீவு முடிந்து மறுநாள் நான் திருப்பரங்குன்றம் திரும்ப வேண்டும். அடுத்த வாரம் எனக்கு இல்லை. அன்றே இன்னொரு முறை அவர் இறங்கியபோது, துணி கைக்கு வந்தது. நான் பிடியைத் தளர்த்தினேன். கை வழுக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன். துணி நீருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

மாமா தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி மேலே வந்தார். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. விராலைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டேன்.

காது சீழ் வைத்தது. ஆள் எடுப்பில் மருத்துவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு ஒத்தக்கடையில் சைக்கிள் கடை போட்டார். பஞ்சரான டியூபைத் தொட்டி நீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று குனிந்து பார்த்தே காலம் போயிற்று. இடப்பக்கம் நின்று, "செவிட்டண்ணே, காத்து இருக்கா?" என்று சீண்டுவார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் நடந்ததைச் சொல்லியிருக்கிறேன், அவருக்குக் கேட்காத குரலில். உரக்கச் சொல்லும் துணிவு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அன்று குவாரியில், கரையேறியதும் அவரே கயிற்றை இழுத்துச் சுருட்டினார். துணி வந்தபோது அவர் கை நின்றது. அதை முடிச்சவிழ்த்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார். நீர் சொட்டியது. என்னைப் பார்க்காமலே தண்ணீரில் வீசினார்.

"வா மாப்ள, பசிக்குது. அக்கா கேட்டா, காதுல தண்ணி போயிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

யாருக்கும் தெரியவில்லை என்ற நிம்மதியில் அவர் பின்னால் குதித்துக்கொண்டு நடந்தேன். துணியிலிருந்து ஏன் அவ்வளவு நீர் சொட்டியது என்று அந்த வயதில் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.