டாக்டர் பொக்குவாவின் இடது கை

வார்டில் நுழைந்ததும் டாக்டர் பொக்குவா இடது கையைக் கோட்டுப் பைக்குள் அனுப்பிவிடுவார். வலப்புறக் கடைசிக் கட்டிலில் தொடங்கி ஒவ்வொருவராக வலது கை குலுக்குவார். "பொண்டாட்டி ஃபுஃபு கொண்டாந்தாளா, இல்ல ஆஸ்பத்திரிக் கஞ்சிதானா?" பதில் வருவதற்குள் வயிற்றைத் தட்டிப் பார்த்திருப்பார்.

கத்தி மட்டும் இடது கைக்குத்தான். குமாசிப் பக்கம் இடது கையால் ஒரு வாழைப்பழம் நீட்டினாலே சண்டை வரும். பள்ளியில் அந்தக் கையைக் கயிற்றால் கட்டி வைத்தார்கள். மருத்துவக் கல்லூரியில், "பொம்பளை, அதுலயும் இடது கை. பேசாம பிரசவ வார்டுக்குப் போம்மா" என்றார்கள். போகவில்லை. கத்தரிக்கோல் எல்லாம் வலது கைக்காரர்களுக்கே இருந்ததால், லாரிப் பட்டறைக்காரர் ஒருவரிடம் தனக்கென்று ஒன்று அடித்து வாங்கினார். அந்த வட்டாரத்தின் முதல் பெண் அறுவை மருத்துவர் அவர். வருடம் இருபத்தாறு ஆகிறது. இன்னமும், "நர்ஸம்மா, டாக்டர் எப்ப வருவாரு?" என்று அவரிடமே கேட்கிறார்கள். "வந்துட்டாரு, கை கழுவப் போயிருக்காரு" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை பெரியவர் அமோவாவைத் தூக்கி வந்தார்கள். கோக்கோ தோட்டக்காரர், சபையில் ஊர்த் தலைவரின் சார்பாகப் பேசுகிறவர். மரியாதை பிசகினால் யாரையும் விடமாட்டார். குடல் இறங்கி முறுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் அழுகிவிடும். அவர் கண்ணில் பட்டதோ, டாக்டர் பேனா பிடித்திருந்த கை.

"அந்தக் கையாலயா என்னை வெட்டுவ?"

"ஆமா ஐயா. வலது கையால வணக்கம் சொன்னேன்ல? அதோட வேலை முடிஞ்சுது."

"வலது கையால வெட்டு. இல்லன்னா வேணாம்."

"வெட்டலாம் ஐயா. அப்புறம் தொப்புளை முதுகுல தேடணும்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளுக்குள் பயம்தான். ஒப்புதல் தாளில் கைநாட்டு விழாமல் அவரைத் தொடமுடியாது.

கடைசியில் பெரியவரின் மனைவி அஃப்ரியேதான் வெடித்தார். "யோவ், உன் மரியாதைய வெச்சு நான் என்ன பண்றது? சாவுக்குச் செவப்புத் துணி எடுக்கக் கடைக்குப் போகட்டுமா?"

வலி ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. "கொண்டா" என்றார் பெரியவர்.

டாக்டர் மைப்பெட்டியை நீட்டினார், வலது கையால்தான். பெரியவரின் வலது கை குளுக்கோஸ் ஊசியோடு பலகையில் கட்டிக் கிடந்தது. அதை அசைத்துப் பார்த்தார். இழுத்தும் பார்த்தார். சுற்றியிருந்த கட்டில்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து, சபையில் பேசும் அதே குரலில், "மன்னிக்கணும் தாயி, இடது கை" என்று சொல்லிவிட்டுப் பெருவிரலை மையில் அழுத்தினார்.