அலோனில் ஓர் அமெரிக்கப் பிரசங்கம்

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கப்பல் ரங்கூன் ஆற்றுக்குள் நுழைந்தது. சென்னையில் ஏறியது முதல் படுத்தே கிடந்த நான், கரை தெரிகிறது என்ற கூச்சலைக் கேட்டு எழுந்து வந்தேன். தண்ணீர் பருப்புக் குழம்பின் நிறத்துக்கு மாறியிருந்தது. தூரத்தில் ஷ்வேடகோன் தெரிந்ததும் பக்கத்திலிருந்த தஞ்சாவூர்க்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது புத்தர் கோயில் என்று சொன்னேன். "எந்தச் சாமியா இருந்தா என்னங்க, தகதகன்னு இருக்கே" என்றார். படித்தவன் என்ற திமிரில் நான் சிரித்தேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மகாயுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இங்கிலீஷ்காரனை உதறிவிட்டு ஒரு தேசம் எப்படிப் பெரிதாயிற்று என்று கேட்க எல்லாருக்கும் ஆசை. ரங்கூனையடுத்த அலோன் துறைமுகத் தமிழர்கள் நடத்தும் வாசகசாலையில் அமெரிக்க சரித்திரம் பேச அழைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இதே பாடத்தைப் பதினைந்து வருஷமாக ஒப்பித்து வருகிறவன் நான். தேசப்படத்தைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

துறையில் மாரிமுத்து காத்திருந்தார். ஓர் அரிசிக் கம்பெனியின் கிடங்கில் மேஸ்திரி. வாசகசாலையின் காரியதரிசியும் அவர்தான். அலோன் இரண்டு மைலுக்குச் சற்று மேல். ரிக்‌ஷாவுக்கு ஆறணா. இழுத்தவன் தெலுங்கன், வழி நெடுக இருமினான். இறங்கி நடக்கலாமா என்று கேட்டதற்கு, "வேணாங்க, அப்புறம் அவன் கூலியைக் குறைச்சுருவோம்னு பயந்துருவான்" என்றார் மாரிமுத்து.

அவருடைய வீடு ஆற்றோரத்தில், மரக்கால்களின் மேல் நின்றது. அவருடைய மனைவி மா தெயின் பர்மியப் பெண். வீடு அவளுடைய தகப்பனார் கட்டியது. உள்ளே தென்கிழக்குத் தூணில், காம்போடு ஒரு முழுத் தேங்காய் தொங்கியது. அதற்குச் சிவப்புத் துணியில் தலைப்பாகை.

"அம்மனுக்கா?" என்று கேட்டேன்.

மா தெயின் வாய்விட்டுச் சிரித்தாள். "சயாவும் இவரு மாதிரியே கேக்குது" என்றாள். சயா என்றால் வாத்தியார்.

சாப்பிடும்போது மாரிமுத்து விளக்கினார். அது வீட்டைக் காக்கும் நாட் தேவதைக்கு உரியது. முழுசாகவே இருக்க வேண்டும். வாடினால் புதிது மாற்றுவார்கள். "நான் புதுசா வந்தப்ப எங்களை இதுக்கு மேலண்டை வரிசையில குடி வச்சாங்க. காலி வீடுங்க. தூணுக்குத் தூணு தேங்காய். ஆகா, நம்ம ஆத்தா இங்கேயும் இருக்கான்னு குங்குமம் வச்சு, கற்பூரம் காட்டி, எல்லாத்தையும் உடைச்சுப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டோம். உடைச்ச கை இதுதான்."

"அது எங்க மாமா வீடு" என்றாள் மா தெயின். "கம்பெனி போகச் சொல்லிச்சு. திரும்பி வருவோம்னு தேங்கா விட்டுட்டுப் போனாங்க. ஒரு நாள் மாமா பாக்க வந்துச்சு. ஓடு மட்டும் கிடந்திச்சு." அவளுடைய மாமா இப்போது ஆற்றுக்கு அப்பால் த்வாண்டேயில், பானைச் சூளையில் பானை சுமக்கிறார்.

இப்போது முறை இவர்களுடைய வரிசைக்கு. புதிதாக வரும் கூலிகளைத் தங்கவைக்க இந்த வீடுகளும் வேண்டுமாம். நிலத்தை யாரிடமிருந்தோ வாங்கிவிட்டதாகக் கம்பெனி சொல்கிறது. பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் தீர்ப்பு வரும்வரை காலி செய்துவிட்டு நிற்க வேண்டும். மாரிமுத்துவுக்குக் கூலி லைனில் ஓர் இடம். அங்கே பெண்களுக்கு இடமில்லை. மா தெயின் த்வாண்டேக்குப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை கெடு.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிரசங்கம். தேசப்படத்தை மாட்டினேன். பதின்மூன்று சின்ன ராஜ்யங்கள் ராஜாவை எதிர்த்த கதையைச் சொன்னபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மிஸிஸிப்பிக்கு மேற்கே பெரும் பூமியைப் பிரெஞ்சுக்காரனிடம் விலைக்கு வாங்கியதைச் சொன்னேன். இனி எங்கள் கண்டத்தில் புதிதாகக் கொடி நட வராதீர்கள் என்று ஐரோப்பாவுக்குச் சொன்னதையும், பிறகு மெக்ஸிகோவில் பாதியைத் தாங்களே பறித்ததையும் சொன்னேன். பிரம்பு கிழக்கிலிருந்து மேற்கே அழகாக நகர்ந்தது.

மாரிமுத்து எழுந்தார். "வாத்தியாரய்யா, பிரெஞ்சுக்காரன் வித்தானே, அங்க அப்ப யாரு குடியிருந்தா?"

சொன்னேன். செவ்விந்தியர்களைப் பற்றி, அவர்களில் கிழக்கே வாழ்ந்த செரோக்கியர்களைப் பற்றி.

"அவங்க கோர்ட்டுக்குப் போனாங்களா?"

"போனார்கள். தேசத்தின் மிகப் பெரிய கோர்ட்டுக்கு."

"தீர்ப்பு?"

"அவர்கள் பக்கம்தான்."

சபை எழுந்து நின்றது. முன்வரிசையில் ஒருவர் துண்டைச் சுழற்றினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் பாதியில் விட்டால் அது சரித்திரமாகாது. தீர்ப்பை ஆட்சியாளர்கள் மதிக்கவில்லை என்றேன். சில வருஷங்களில் சிப்பாய்கள் வந்தார்கள், வீடு வீடாக இழுத்து மேற்கே நடத்திப் போனார்கள், ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். மேற்கே உங்களுக்கென்றே விட்டுவிடுகிறோம் என்ற பூமியையும் பிறகு பிடுங்கிக்கொண்டார்கள். துண்டைச் சுழற்றியவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து மா தெயின் கணவரிடம் ஏதோ கேட்டாள். என் மேடைத் தமிழ் அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் பர்மியில் சுருக்கமாகச் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது.

வெளியே வந்ததும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஜெயிச்சாங்கன்னு சொன்னேன்."

"மிச்சம்?"

"மிச்சத்தை நான் வச்சுக்கறேன்."

செவ்வாய்க்கிழமை பிற்பகல் சாமான்கள் படகில் ஏறின. பாய், மண்பானை, ஞாப்பி என்கிற மீன் விழுது ஜாடி, ஒரு தையல் மெஷின். தூணில் தேங்காய் அப்படியே இருந்தது. புதிதாக மாற்றி, துணியையும் புதிதாகக் கட்டியிருந்தாள். எடுத்துக்கொள்ளம்மா என்றேன்.

"எதுக்கு சயா? ஜெயிச்சு வந்துருவோம். அதுவரை அது வீட்டைப் பாத்துக்கும்."

மாரிமுத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு நகர்ந்தபோது அவள் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். அவர் கையைத் தூக்கவேயில்லை.

புதன்கிழமை காலை நான் ஊர் திரும்பத் துறைக்கு வந்தேன். மாரிமுத்துவுக்கு வேலை, வரவில்லை. ஒரு வாரத்தில் எத்தனையோ பார்த்தேன், ஷ்வேடகோன் படிகளிலும் ஏறினேன். ஆனால் ரங்கூன் எப்படி என்று ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அமெரிக்கப் பாடத்தை இனிப் பழைய குரலில் நடத்தவும் முடியாது.

எனக்கான கப்பல் அப்போதுதான் சென்னையிலிருந்து வந்த ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. தகரப் பெட்டிகள், குழந்தைகள், கடல் வாந்தியில் வெளுத்த முகங்கள். "அலோன் ஆளுங்க இந்தப் பக்கம்!" என்று யாரோ கத்தினார்கள். இடுப்பில் பித்தளைக் குடத்தோடு ஒரு பெண் என் பக்கமாக ஒதுங்கினாள். நான் அவசரமாகச் சொன்னேன்: "அம்மா, நீங்கள் போகிற வீட்டுத் தூணில் சிவப்புத் துணி கட்டி ஒரு தேங்காய் தொங்கும். அதை உடைத்துவிடாதீர்கள்."

அவள் முகம் தெளிந்தது. இறங்கியதிலிருந்து அவள் கேட்ட முதல் நல்ல சேதி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"சாமி தேங்காயா? நல்லதாப் போச்சு சாமி. சும்மா உடைப்பமா? குடி போனதும் மொத வேலையா கற்பூரம் காட்டி உடைச்சுக் கும்புட்டுர்றோம்" என்றாள்.

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.