கை படாமல் விட்ட குண்டு

என் தம்பி ஸ்டான்லியின் கை நடுங்கத் தொடங்கியதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு பித்தளைக் குண்டு.

படூர் பக்கத்தில் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில், இயற்பியல் லேபில் அவன் உதவியாளர். பதினாறு வருடம். ஒவ்வொரு மே மாதமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். எங்கள் அப்பா ஏசுதாஸ் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நான் எட்டாவதோடு நிறுத்தித் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். ஸ்டான்லி பன்னிரண்டாவது முடித்தான். எங்கள் வீட்டில் வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குப் போனவன் அவன் ஒருவன்தான். அந்தக் கோட்டை வாரம் இரண்டு முறை நான்தான் துவைத்து, சொட்டு நீலம் போட்டு, இஸ்திரி போடுவேன். நீலம் கூடினால் அவனுக்குப் பிடிக்காது.

அவன் மேசையில் இருந்தது தனி ஊசல். பிளந்த தக்கைக்கு நடுவே நூலைச் செருகி, நுனியில் குண்டைத் தொங்கவிடுவார்கள். ஓரமாக இழுத்து விட்டால் அந்தப் பக்கம் போய், விட்ட இடத்துக்கே திரும்பும். அது ஓர் அலைவு. குண்டு கனமாக இருந்தாலும் லேசாக இருந்தாலும் நேரம் மாறாது. நீளம்தான் கணக்கு. ஒரு மீட்டர் என்றால் இருபது அலைவுக்கு நாற்பது வினாடி. அந்த நீளத்தையும் நேரத்தையும் வைத்து, பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

இதெல்லாம் அவன் சொல்லித் தெரிந்துகொண்டது. எங்கள் சர்ச் கடிகாரத்தில் தொங்குவதும் இதேதான். வெயில் காலத்தில் அதன் தண்டு சூட்டில் நீண்டு, கடிகாரம் பின்தங்கும். குண்டுக்குக் கீழே உள்ள திருகை அவன் துளி மேலேற்றுவான். வேறு யாரையும் பாதிரியார் அதைத் தொட விடமாட்டார்.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்களாம். குண்டை விட்ட உடனே 'ஒண்ணு' என்பார்கள். அப்போது ஓர் அலைவும் முடிந்திருக்காது. இருபது என்று நிறுத்தும்போது பத்தொன்பதுதான் ஆகியிருக்கும். பூமியின் இழுப்புக்கு ஒன்பதே முக்கால் என்று வரவேண்டிய விடை பத்தே முக்காலுக்கு மேல் போய்விடும். "ஜீரோன்னு ஆரம்பிங்கப்பா" என்று பதினாறு வருடம் சொன்னான்.

போன ஆகஸ்டில் ஒருநாள் அவன் விட்ட குண்டு நேராகப் போகாமல் முட்டை வடிவில் சுற்றியது. நூலை மாற்றினான். தக்கையை மாற்றினான். மூன்றாம் நாள்தான் தன் விரலைப் பார்த்தான்.

"அக்கா, குண்டு மேல தப்பு இல்ல. எங் கைதான் ஆடிகினு கீது."

"டீய கொற. எத்தினி டீ குடிக்கிற நீ?"

"ஒரு கையில மட்டும் ஏறுமா டீ?"

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்பு வியாதி, மாத்திரையில் கொஞ்சம் அடங்கும், போகாது என்றார்கள். அவனுக்கு வயது நாற்பத்து மூன்று.

"மேடத்துக்குத் தெரிஞ்சா மே மாசம் கையெழுத்து போடமாட்டாங்கக்கா" என்றான். மேடம் என்பது அவன் துறைத்தலைவர் சியாமளா.

அடுத்த வாரம் என்னிடம் பருத்தி நூல் கேட்டான். பாலியஸ்டர் கூடாது, உருகி இழுக்கும் என்றான். காலையில் யாரும் வருவதற்கு முன், குண்டை ஓரமாக இழுத்து அந்த நூலால் கட்டிவைப்பான். பிள்ளைகள் வந்ததும் ஊதுவத்தியால் நூலைச் சுடச் சொல்வான். நூல் அறுந்ததும் குண்டு யார் கையும் படாமல் கோடு போட்டதுபோல் போகும். அடுத்த தடவைக்குப் பிள்ளைகளே கட்டிக்கொள்வார்கள். அந்த வருடம் எல்லோருக்கும் விடை சரியாக வந்தது.

"ஸ்டான்லி, இவ்ளோ நாளா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று மேடம் பாராட்டினாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னவன் சாப்பிடவில்லை.

ஏப்ரலில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஜானகிராமன் உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"இன்னா இது, லேபா, பூஜை ரூமா? அணைங்க மொதல்ல. கையால விட்டுக் காமிங்க."

ஸ்டான்லி வலது கையால் விட்டான். குண்டு வளைந்து சுற்றியது. பழக்கமில்லாத இடது கையால் விட்டான். ஸ்டாண்டில் இடித்தது.

"காலைலயே ஏத்திகினு வந்துட்டியாப்பா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். என் தம்பி சாராயத்தைத் தொட்டதே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும், வேலையாவது மிஞ்சியிருக்கும். மேடமும் அங்கேதான் இருந்தார்.

"குடிக்கல சார். நரம்பு வியாதி. எட்டு மாசமா கீது" என்றான்.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லையாம். மே மாதம் ஒப்பந்தம் வரவில்லை. "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று மேடம் போனில் மட்டும் சொன்னார்.

கோட்டுக்கு இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறேன். அவன் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, ஜன்னல் கம்பியில் என் நூலைக் கட்டச் சொன்னான். நுனியில் மிஷினிலிருந்து கழற்றிய ஒரு நட்டு. ஒரு மீட்டரை என் தையல் டேப்பால் இரண்டு முறை அளந்தேன்.

"நீ விடுக்கா."

விட்டேன். நேராகப் போனது. "ஜீரோ" என்று அவன் ஆரம்பித்தான். இருபது வரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினான்.

"நாப்பது. சரியா கீது" என்றான். வலது கையை இடது கையால் மடியில் அமுக்கிப் பிடித்திருந்தான்.