நூல் கட்டிய நாக்கு

பொம்மிடியில் கேப்டன் இன்னாசிராஜை யாரும் முழுப் பட்டாளத்துக்காரராக ஒப்புக்கொண்டதில்லை. சோளக்காட்டை நம்பியிருந்த குடும்பம். சென்னையில் பல் மருத்துவம் படித்துவிட்டு, சீனச் சண்டை முடிந்த கையோடு ராணுவத்தில் சேர்ந்தவர். எழுபத்திரண்டு மாசியில் தோளில் காயத்தோடு லீவில் வந்து இறங்கியபோது, ஸ்டேஷனிலேயே ஊர்க்காரன் பெரியண்ணன் மடக்கினான்.

"ஏனுங்க டாக்டரே, குண்டு போட வந்தவனுக்குப் பல்லு புடுங்கி உட்டீங்களாக்கும்?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, காரிமங்கலத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார்.

காரிமங்கலத்தில் கண்ணம்மாள் இருந்தாள். அவள் மகன் சிப்பாய் மாரப்பன், டிசம்பரில் நடந்த பாகிஸ்தான் சண்டையில் மேற்கு எல்லையில் செத்துப்போனவன். அப்போது பக்கத்தில் இருந்தவர் இன்னாசிராஜ் என்று தெரிந்து, யாரையோ பிடித்து அவருக்குக் கடிதம் எழுத வைத்திருந்தாள். அதில் ஒரே கேள்விதான். எம்மவன் கடைசியா என்ன சொன்னான்?

அன்று காலை முதலுதவிக் கூடாரத்தைச் சுற்றிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. எல்லாரையும் பதுங்குகுழிக்குப் போகச் சொல்லி உத்தரவு. மாரப்பனின் கீழ்த்தாடை சிதறியிருந்தது. தாடை போனால் நாக்கு தொண்டைக்குள் சரிந்து மூச்சை அடைத்துவிடும். இன்னாசிராஜ் போகவில்லை. நாக்கில் ஊசி ஏற்றிப் பட்டுநூல் கோத்து, முன்னால் இழுத்து, விரலில் சுற்றிக்கொண்டு அவன்மேல் கவிழ்ந்து படுத்தார். தோளில் இரும்புச் சில்லு பாய்ந்தபோதும் நூலை விடவில்லை. நடுநடுவே அவன் தொண்டையிலிருந்து 'அ… ஹ்' என்று வரும். மூச்சு அடைக்கிறது என்று பயந்து இன்னும் இழுப்பார். நாலு மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் உயிரோடு இல்லை.

இதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? பஸ்ஸிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார்.

"அம்மா, அம்மான்னு ரெண்டு தரம் கூப்புட்டானுங்க. அப்புறம் அமைதியாயிட்டான்."

கொட்டை எடுக்கப் புளி தட்டிக்கொண்டிருந்த கண்ணம்மாளின் கை நின்றது.

"எம்மவன் என்னைய ஒருநாளும் அம்மான்னு கூப்புட்டதில்லீங்க சாமி. எந்தம்பிங்களோட வளந்த பய. அவனுக்கும் நான் அக்காதான்." சட்டென்று அவள் முகம் மலர்ந்தது. "அப்ப செத்தது எம்மவன் இல்லீங்களா?"

அக்கா. இன்னாசிராஜ் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். நாக்கின் பின்பகுதி எழும்பி மேலண்ணத்தைத் தொடாமல் 'க்கா' வராது. முன்னால் இழுத்துப் பிடித்த நாக்கில் 'அ… ஹ்' தான் வரும். ஒவ்வொரு தரம் அவன் கூப்பிட்டபோதும் நூலை இழுத்திருக்கிறார்.

"இல்லீங்க. மாரப்பன்தான்."

"அப்ப என்னதான் சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் புளி தட்டத் தொடங்கினாள்.

ராணுவம் ஒரு பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. அவர் வேலையை விட்டுவிட்டு தருமபுரியில் பல் ஆஸ்பத்திரி வைத்தார். எழுபத்தாறில் கண்ணம்மாள் சாகும்வரை, வருஷா வருஷம் மாசியில் ஒருமுறை காரிமங்கலம் பஸ் ஏறுவார். அக்கா என்று அவன் கூப்பிட்டதைச் சொல்லத்தான். சொன்னால், ஏன் பேச விடவில்லை என்று கேட்பாள். அவள் எதிரில் உட்கார்ந்ததும் வேறு எதையாவது கேட்பார்.

"பல்லு வலி ஏதாச்சும் இருக்குங்களா?"

"இருக்கறதே நாலு பல்லு. அதையும் புடுங்கவா வந்தீங்க?" என்பாள்.

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.