கிட்டாரின் தலையில் இருந்த பெயர்

மேடையில் பாடகருக்குப் பின்னால், வெளிச்சம் பாதி விழுகிற இடத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் அவர். ஆள் குள்ளம், விரல்களும் குட்டை. அதனால் கூட வாசிக்கிறவர்கள் 'முக்கால்' என்று கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது, விரல் நீளமாகிவிடுமா?

அந்த விரலுக்கென்றே ஒரு கிட்டார் செய்து கொடுத்தவர் மனைவியின் அண்ணன். கிட்டார் செய்து விற்கிற சின்னப் பட்டறை அவருடையது. கல்யாணமான புதிதில் ஒரு மெழுகுக் கட்டியை நீட்டி, "இதை அழுத்திப் பிடிங்க மாப்ளே" என்றார். மெழுகில் கை எப்படிப் பதிந்ததோ அப்படியே கிட்டாரின் கழுத்தை இழைத்தார். மேலே, கம்பியை முறுக்கும் திருகுகள் இருக்கும் தலைப் பகுதியில், தன் பட்டறைப் பெயரைச் சின்னத் தூரிகையால் எழுதினார். மனுஷன் செய்துகொண்ட விளம்பரம் மொத்தமே அதுதான். மேடையில் அதைப் பார்த்தவர்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். பட்டறை ஓடியது.

வாத்தியக் கம்பெனிகள் நன்றாக வாசிக்கிறவனைத் தேடிப்போகின்றன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முக்கால் தன் வாசிப்பைப் படம் பிடித்து வருஷக்கணக்காக அனுப்பினார், ஒருத்தரும் சீந்தவில்லை. பிறகு பாடகரின் பாட்டு ஒன்று ஊரெல்லாம் ஓடியது. எந்தப் போட்டோவைப் பார்த்தாலும் பாடகரின் தோளுக்குப் பின்னால் ஒரு கிட்டார். உடனே கம்பெனி ஆள் வீடு தேடி வந்துவிட்டார்.

"கிட்டாரும் கம்பியும் நாங்க தர்றோம் சார். எங்க எல்லாக் கடையிலயும் உங்க படம் மாட்டுவோம். மேடையிலயும் போட்டோலயும் வேற பேர் மட்டும் தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! முக்கால் கையெழுத்துப் போட்டார். மச்சானிடம் போய்ச் சொன்னபோது அவர் உளியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு கை குலுக்கினார். "நல்ல சேதி மாப்ளே. எத்தனை வருஷமா மூலையிலயே நின்னீங்க."

கம்பெனி கிட்டார் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்து தடிமன். முக்காலின் விரல் கடைசிக் கம்பிக்கு எட்டுவதற்குள் தாளம் தாண்டிப் போய்விட்டது. ஒத்திகையில் பாடகர் பாட்டை நிறுத்தினார்.

"அண்ணே, அடியில ஒரு உறுமல் வருமே, அது எங்க? அடுத்த கச்சேரிக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லைன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

ஒப்பந்தம் வேண்டாம் என்று கம்பெனியிடம் சொல்லியிருக்கலாம். அந்த நல்ல புத்தி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் படம் மாட்டியாகிவிட்டதே! கடைத்தெருவில் ஆள் உயரத்துக்கு, முழு வெளிச்சத்தில், முக்கால் சிரித்துக்கொண்டு நின்றார். வேலை இருக்கிறதோ இல்லையோ, தினமும் அந்தக் கடை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். வெட்கம்தான், ஆனாலும் பிடித்திருந்தது.

பழைய கிட்டாரைப் பையில் வைக்கும்போதே மனைவிக்குப் புரிந்துவிட்டது. "எங்கண்ணன்கிட்ட என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். கேக்காதீங்க. கேட்டா அவர் மாட்டேன்னு சொல்ல மாட்டார்."

அந்தத் தைரியத்தில்தானே மனுஷன் கிளம்பினதே.

"மச்சான், இதுல அவங்க பேரை ஒட்டிட்டா..." என்று பட்டறையில் முக்கால் ஆரம்பித்தார்.

மச்சான் கிட்டாரை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவங்க கிட்டார்ல தலை வளைவா இருக்கும், இல்ல?"

"ஆமா."

"அப்ப பேரை மட்டும் எடுத்தாப் பத்தாது. ஓரத்தை அறுக்கணும். வெளிய நில்லுங்க மாப்ளே, தூசி பறக்கும்."

முக்கால் வாசலில் நின்றார். முதலில் ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். அது நின்று தொலைக்க மாட்டேனென்றது. ஒரு சின்னப் பெயருக்கு இத்தனை தேய்ப்பா? உள்ளே போய், போதும், விட்டுடுங்க மச்சான் என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை.

அடுத்த கச்சேரியில், தலையில் கம்பெனிப் பெயரை ஒட்டிக்கொண்ட பழைய கிட்டாரில், உறுமல் திரும்பி வந்தது. பாடகர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். கம்பெனி ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சொல்லல சார்? எங்க கிட்டார் கைக்குப் பழகணும்!" அதற்கப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களெல்லாம் கம்பெனிக் கடைக்குப் போனார்கள். பட்டறைப் பக்கம் வருகிறவர்கள் குறைந்தார்கள். மச்சான் பழைய நாற்காலிகளை எடுத்துச் செப்பனிட ஆரம்பித்தார்.

ஒருநாள் கிட்டாரில் ஒரு திருகு தளர்ந்துவிட்டதென்று முக்கால் பையோடு பட்டறைக்குப் போயிருந்தார். உட்கார்ந்து வாய் திறப்பதற்குள் ஒரு பெண் உள்ளே வந்தாள். புதிதாக ஒரு குழுவில் பேஸ் வாசிக்கிறவளாம். போனில் ஒரு போட்டோவை எடுத்து மச்சானிடம் காட்டினாள்.

"இந்தக் கிட்டார்ல ஒரு சத்தம் வருது சார், அது எனக்கு வேணும். கம்பெனியிலயே வாங்கலாமான்னு யோசிக்கிறேன். அதுக்கு முன்னாடி, உங்களால இதே மாதிரி செய்ய முடியுமா?"

மச்சான் போனை வாங்கினார். படத்தை விரலால் பெரிதாக்கி, கிட்டாரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அவள் முக்காலைப் பார்த்துவிட்டாள். "சார், நீங்கதான இது! கடையில உங்க படம் பாத்தேன். நீங்களே சொல்லுங்க சார், இவரால இதைச் செய்ய முடியுமா?"

மச்சான் தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டறைக்குப் பெயர் திரும்பிவிடும். அதே வார்த்தை கம்பெனி ஆள் காதுக்குப் போனால் கடைத்தெருப் படம் இறங்கிவிடும். முக்கால் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கம்பெனியிலயே வாங்கிடும்மா," என்றார்.

அவள் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மச்சான் ஒரு நாற்காலிக் காலை ஓரமாகத் தள்ளி, மேசையில் இடம் செய்தார்.

"பையைக் குடுங்க மாப்ளே. எந்தத் திருகு?"

எந்தத் திருகு என்று முக்காலுக்கு நினைவு வரவில்லை.